அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசித்தவர்

வாக்மேனில் பேட்டரி தீரத் தீரப் பாட்டின் சுருதி இறங்கும். காசெட் காலத்தில் காதால் பாட்டுக் கற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்கு அது 1998-இன் தொடக்கத்தில் தெரிந்தது. திருச்சியில், கல்லூரி விடுதி அறையில் உட்கார்ந்து, நோ டவுட் என்கிற அமெரிக்க ராக் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' பாட்டுக்கு பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார், எடுத்துக்கொண்டிருந்தேன். 'எடுப்பது' என்றால் எங்கள் பாஷையில், கேட்டு, நிறுத்தி, ரீவைண்ட் செய்து, மறுபடி கேட்டு, கம்பியில் தேடிப் பிடிப்பது. மூன்று இரவு உட்கார்ந்து எடுத்தேன். ஏ கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், தொடங்கியது. பி மைனர் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்குப் போனால், கிட்டார் வாசிக்கும் நண்பன் முதல் கார்டைப் போட்டான். அவனும் நானும் ஒட்டவே இல்லை. இன்னொரு முறை போட்டான். அப்போதும் ஒட்டவில்லை.

"மச்சான், இது சி மைனர்டா. நீ எதுல கேட்டே?"

"வாக்மேன்ல."

"பேட்டரிய மாத்து மொதல்ல."

சரியாக அரைக் கட்டை இறங்கியிருந்தது. புது பேட்டரி போட்டு, எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் மேலே தள்ளி, மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து மறுபடி பழகினேன். ஆனால் அந்த மூன்று இரவுகள் வீணில்லை. பாட்டு மெதுவாக ஓடியதால்தான், அந்தப் பெண் குரலுக்கு அடியில் பேஸ் எங்கே நடக்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே அவள் மூச்சு வாங்குவதற்கு இடம் விடுகிறது என்பதெல்லாம் எனக்குத் தனியாகக் கேட்டது. அதன் பிறகு இன்றுவரை அந்தப் பாட்டை நான் பேஸிலிருந்துதான் கேட்கிறேன்.

காசெட்டின் உள்ளட்டையில் பொடி எழுத்தில் பெயர்கள் இருந்தன. பாடியவர் க்வென் ஸ்டெஃபானி. கிட்டார் டாம் டூமோன்ட். டிரம்ஸ் ஏட்ரியன் யங். பேஸ், டோனி கனால். ஆங்கில எழுத்தில் பார்த்தபோது அந்தக் கடைசிப் பெயரை நான் 'கனல்' என்றுதான் படித்தேன். நம்ம ஊர்க்காரரோ என்று ஒரு நிமிடம் மனம் துள்ளியது. நம் ஊர் இல்லை. ஆனால் முழுக்க வெளியாளும் இல்லை. இந்தியாவிலிருந்து போன சிந்திக் குடும்பத்துப் பிள்ளை. 1970-இல் லண்டனில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே பெற்றோருடன் கலிஃபோர்னியாவில் அனஹைம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தவர். எம்டிவியில் அந்த முகம் வரும்போதெல்லாம் விடுதியின் டிவி அறையில் ஒரு சின்ன சலசலப்பு எழும். ஒரு ராக் குழுவில் நம் நிறத்தில் ஒருவர் நிற்கிறார் என்பது அன்றைக்கு எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் அறியாமல் இருந்தது வேறு ஒன்று. அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பெண், தன்னை விட்டுப் போகப்போகிறவனிடம், நீ என்ன சொல்ல வருகிறாய் என்பது எனக்குத் தெரியும், விளக்கம் எதுவும் வேண்டாம், வலிக்கிறது, பேசாதே என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அந்த 'நீ' டோனி கனால். விட்டுப் போனவரே பக்கத்தில் நின்று, அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசிக்கிறார். சில வருடம் கழித்து ஒரு பழைய பத்திரிகையில் இதைப் படித்தபோது, கையிலிருந்த டீ ஆறும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

அனஹைம் என்றால் டிஸ்னிலேண்ட் இருக்கும் ஊர். 1986-இல் அங்கே டெய்ரி குவீன் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஒருவர் எரிக் ஸ்டெஃபானி, கீபோர்டு வாசிப்பவர். இன்னொருவர் ஜான் ஸ்பென்ஸ், பாடகர். எரிக்கின் தங்கை க்வென் அப்போது பின்பாட்டுக்காரி மட்டும்தான். 'நோ டவுட்' என்பது ஸ்பென்ஸ் வாயில் அடிக்கடி வரும் சொல். அதுவே குழுவின் பெயராயிற்று. ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்கா என்ற துள்ளல் இசைதான் அவர்கள் வாசித்தது. 1987 டிசம்பரில், குழுவுக்கு ஒரு பெரிய மேடை கிடைத்திருந்த நேரத்தில், ஸ்பென்ஸ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். குழு கலைந்துவிடும் போலிருந்து, பிறகு கலையவில்லை. காலப்போக்கில் நடு மைக் க்வென்னிடம் வந்தது.

அந்த 1987-இல்தான் டோனி பேஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடப் பையன். க்வென்னுக்கு அவர் மேல் விருப்பம். குழுவுக்குள் யாரும் அவளிடம் அப்படிப் பழகக் கூடாது என்று எழுதப்படாத ஒரு கட்டுப்பாடு இருந்ததால், முதல் ஓராண்டு போல மற்றவர்களுக்குத் தெரியாமலே இருவரும் காதலித்தார்கள். மொத்தம் ஏழு ஆண்டுகள். 'ஜஸ்ட் எ கேர்ள்' என்ற அவர்களுடைய இன்னொரு பாட்டு பிறந்ததே டோனியின் வீட்டிலிருந்து இரவு நேரம் கழித்துத் திரும்பியதற்காக க்வென் தன் அப்பாவிடம் வாங்கிய திட்டிலிருந்துதான். அந்த நாள்களின் படங்களில் க்வென் நெற்றியில் பொட்டு இருக்கும். ஏதோ ஃபேஷன் என்று நாங்கள் நினைத்தோம். டோனியின் அம்மா வைப்பதைப் பார்த்துத் தானும் வைக்க ஆரம்பித்ததாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். காதல் முடிந்த பிறகும், புகழ் உச்சியில் இருந்த அந்த ஆண்டுகளின் படங்களில் அந்தப் பொட்டு இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

குழுவின் முதல் ஆல்பம் 1992-இல் வந்தது. அது கிரஞ்ச் இசை அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட நேரம். கிழிந்த சட்டையும் இருண்ட முகமுமாகப் பாடினால்தான் ரேடியோவில் போடுவார்கள். டிரம்பெட்டும் துள்ளலுமாக வந்த இவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. சுமார் 30,000 பிரதிகள்தான் விற்றன. ஒப்பந்தம் போட்ட இன்டர்ஸ்கோப் நிறுவனம் அடுத்த ஆல்பத்துக்கு அவசரப்படவில்லை. 1993 முதல் 1995 வரை, இங்கே ஒரு பாட்டு அங்கே ஒரு பாட்டு என்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 11 ஸ்டூடியோக்களில் துண்டு துண்டாக ஒலிப்பதிவு நடந்தது. தயாரிப்பாளர் மேத்யூ வைல்டர். எண்பதுகளில் தானே பாடி ஹிட் கொடுத்தவர்.

அந்த நீண்ட, அலுப்பான இடைவெளியில்தான் இரண்டு பிரிவுகள் நடந்தன. ஒன்று, டோனி க்வென்னிடமிருந்து விலகியது. இன்னொன்றை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அண்ணன் எரிக் குழுவை விட்டுப் போனது. குழுவை ஆரம்பித்தவரே எரிக்தான், பெரும்பாலான பாட்டுகளும் அவர் போட்டதுதான். வெளி ஆள் ஒருவர் வந்து தன் பாட்டுகளைத் திருத்துவதை அவரால் ஏற்க முடியவில்லை. 1994 முடிவில் ஒதுங்கிக்கொண்டு, 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடருக்குப் படம் வரையும் வேலைக்குப் போய்விட்டார். ஆல்பத்தின் முன்னட்டையில் க்வென் சிவப்பு உடையில் முன்னால் நிற்க, பின்னால் ஆரஞ்சுத் தோட்டத்தில் மற்றவர்கள் தெரிவார்கள். எரிக்கும் அதில் இருக்கிறார். ஆல்பம் கடைக்கு வந்தபோது அவர் குழுவில் இல்லை.

'டோன்ட் ஸ்பீக்' அண்ணனும் தங்கையும் சேர்ந்து எழுதியது. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது. அது முதலில் பிரிவுப் பாட்டே இல்லை. காதல் பாட்டாக இருந்தது; எழுபதுகளின் ராக் சாயலில் இன்னும் கொஞ்சம் துள்ளலாகவும் இருந்தது. டோனி விலகிய பிறகு க்வென் உட்கார்ந்து அதைத் திருத்தி எழுதினார். ஆக, யாருக்காகக் காதல் பாட்டாகப் பிறந்ததோ, அதே ஆளுக்கே பிரிவுப் பாட்டாக மாறியது.

பாடிப் பார்த்தால் அந்த இரண்டு வயதும் தெரியும். சரணத்தில் இன்னும் ஒரு பழைய இனிமை மிச்சம் இருக்கிறது; நாமிருவரும் எப்போதும் கூடவே இருந்தோமே என்று ஆரம்பிக்கும்போது குரலில் குற்றச்சாட்டே இல்லை, ஞாபகம் மட்டும்தான். பல்லவிக்கு வந்ததும் மின்சார கிட்டாரும் டிரம்ஸும் மேலே விழ, அதே குரல் கெட்டிப்படுகிறது. நம் கணக்கில் சொன்னால் நடபைரவி சாயல் உள்ள ஸ்வரங்கள். நம் காதுக்கு அது அந்நியமாகவே படாது. வேகமும் கம்பீரமான நடை, நிமிடத்துக்கு 76 தட்டு. நடுவில் டாம் டூமோன்ட் நைலான் கம்பி கிட்டாரில் ஸ்பானியப் பாணியில் ஒரு தனி வாசிப்பார். ஹெவி மெட்டல் பின்னணியிலிருந்து வந்தவர், அந்த இடத்தில் சத்தத்தை முழுக்க ஒதுக்கிவிட்டு விரலால் மீட்டுகிறார். அடியில் ஒரு செல்லோ. கடைசியில் அவள், அழும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல உஷ், உஷ் என்று சொல்லிக்கொண்டே மங்கிப்போவாள். தனக்கே சொல்லிக்கொள்கிறாளா, அவனுக்குச் சொல்கிறாளா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, இனி அந்த வெற்றியின் கதை. அதில் ஒரு விசித்திரம் உண்டு.

'ட்ராஜிக் கிங்டம்' என்ற அந்த ஆல்பம் 1995 அக்டோபரில் வந்தது. டிஸ்னிலேண்டுக்கு 'மேஜிக் கிங்டம்' என்று செல்லப் பெயர் உண்டு அல்லவா, அதைத் திருப்பிப்போட்டு 'சோக ராஜ்ஜியம்' என்று டாமின் பள்ளி ஆசிரியர் ஒருவர் சொல்லுவாராம். அதிலிருந்து எடுத்த பெயர். முதலில் 'ஜஸ்ட் எ கேர்ள்' வந்தது, அமெரிக்கப் பட்டியலில் 23-ஆம் இடம் வரை ஏறியது. அடுத்து 'ஸ்பைடர்வெப்ஸ்'. மூன்றாவதாகத்தான் 1996-இல் 'டோன்ட் ஸ்பீக்' ரேடியோவுக்குப் போனது. ஊர் ஊராகப் பரவி, அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க வானொலிகளில் மிக அதிகம் ஒலிக்கும் பாட்டு என்ற இடத்தைப் பிடித்தது. பில்போர்ட் பத்திரிகையின் வானொலிப் பட்டியலில் மொத்தம் 16 வாரம் முதலிடம். அதுவரை எந்தப் பாட்டும் அங்கே அவ்வளவு நாள் இருந்ததில்லை. 1998-இல் கூ கூ டால்ஸ் குழுவின் 'ஐரிஸ்' 18 வாரம் இருந்துதான் அந்தச் சாதனையைத் தாண்டியது.

ஆனால் பில்போர்டின் முதன்மைப் பட்டியலான 'ஹாட் 100'-ஐ எடுத்துப் பாருங்கள். 'டோன்ட் ஸ்பீக்' அதில் முதலிடத்தில் இல்லை. பத்தில் இல்லை. நூறிலும் இல்லை. ஒரு வாரம்கூட இல்லை.

காரணம் வியாபாரம். அன்றைய விதிப்படி, கடையில் தனிப் பாட்டாக, அதாவது சிங்கிளாக விற்கப்படும் பாட்டுக்குத்தான் ஹாட் 100-இல் இடம். எத்தனை கோடிப் பேர் ரேடியோவில் கேட்டாலும், தனியாக விலைக்கு வராத பாட்டு கணக்கில் வராது. தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனிகள் இதில் ஒரு உத்தியைக் கண்டுபிடித்தன. ஹிட் பாட்டை மலிவான சிங்கிளாக விற்றால் ஜனங்கள் அதை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். விற்காமல் ரேடியோவில் மட்டும் விட்டால், அந்த ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் வாங்கியே ஆக வேண்டும். பட்டியலில் பெயர் போனால் போகட்டும், பணம் வரட்டும். அப்படியே ஆயிற்று. வெளியாகி 14 மாதம் ஆன ஒரு ஆல்பம், 1996 டிசம்பரில் அமெரிக்க ஆல்பம் பட்டியலின் உச்சிக்கு ஏறி, விட்டு விட்டு ஒன்பது வாரம் அங்கே இருந்தது. 1999-இல் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றிதழ் கிடைத்தது. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல். முப்பதாயிரம் விற்ற குழு அது.

அதே வாரங்களில் ஹாட் 100-இன் உச்சியில் யார் இருந்தார் தெரியுமா? டோனி ப்ராக்ஸ்டன். 'அன்-பிரேக் மை ஹார்ட்', 11 வாரம். அதுவும் பிரிவுப் பாட்டுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க அமெரிக்காவில் இரண்டு பெண்கள் அழுதிருக்கிறார்கள், ஒருவரின் அழுகைக்கு மட்டும் பெரிய பட்டியலில் பதிவு இருக்கிறது. 1998 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். சிங்கிளாக விற்காத பாட்டும் வரலாம் என்றார்கள். 'டோன்ட் ஸ்பீக்'குக்கு அது பயன்படவில்லை. அதன் காலம் முடிந்திருந்தது.

இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குழு பணத்தில் நஷ்டப்படவில்லை, உண்மைதான். ஆனாலும் ஒரு ஊரே முணுமுணுத்த பாட்டு, அந்த ஊரின் கணக்குப் புத்தகத்தில் இல்லாமல் போவது எனக்கு உறுத்துகிறது. பிற்காலத்தில் பழைய ஹாட் 100 பட்டியலை மட்டும் வைத்து அந்த ஆண்டுகளின் பாட்டுகளைத் தேடும் ஒரு பையனுக்கு இந்தப் பாட்டு கண்ணிலேயே படாது. கடல் கடந்த நாடுகளில் இந்தத் தந்திரம் நடக்கவில்லை, அங்கே சிங்கிள் கடைக்கு வந்தது. பிரிட்டனில் 1997 பிப்ரவரியில் நுழைந்த வாரமே முதலிடம், மூன்று வாரம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் எட்டு வாரம். கிராமியில் அந்த ஆண்டின் சிறந்த பாட்டுக்கான பரிந்துரையும் வந்தது, விருது வரவில்லை.

வெற்றி குழுவுக்குள் என்ன செய்தது என்பது வீடியோவில் இருக்கிறது. சோஃபி முல்லர் இயக்கியது. உண்மையான சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பத்திரிகைகள் எல்லாம் க்வென்னை மட்டுமே அட்டையில் போட்டன. மற்ற மூவரும் ஓரத்தில். குழு உடையும் நிலையில் இருந்தது. ஆகவே அந்த வீடியோவை ஆண்-பெண் பிரிவாக மட்டும் எடுக்காமல், நால்வரின் மனக்கசப்பாகவும் எடுத்தார்கள். கராஜில் ஒன்றாக வாசிக்கிறார்கள். புகைப்படக்காரர் வருகிறார், கேமரா அவளிடம் மட்டும் போகிறது, மற்றவர்கள் விலகி நிற்கிறார்கள். நடித்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1997 எம்டிவி விழாவில் சிறந்த குழு வீடியோ விருது அதற்குத்தான் போனது.

விடுதி டிவியில் அதைப் பார்த்தபோது நான் கவனித்தது பேஸ் பிடித்திருக்கும் விரல்களைத்தான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்கு எனக்கு இன்னும் சில வருடம் ஆனது. அதற்கு நான் வேறு ஒரு மேடையில் நிற்க வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்து வேலை கிடைக்கும் வரை, பிறகு வேலை கிடைத்த பின்னும் சனி ஞாயிறுகளில், ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா. குழுவை நடத்தியவர்கள் ஒரு கணவன் மனைவி. அண்ணன் ஆண் குரல், அக்கா பெண் குரல். இருவருக்கும் ஒரே பாட்டு நோட்டு. நீளமான கணக்கு நோட்டில், அக்காவின் குண்டுக் கையெழுத்தில் எல்லாப் பாட்டு வரிகளும் இருக்கும். அவர் பாடவேண்டிய வரி நீல மையில், அண்ணன் வரி சிவப்பு மையில். டூயட் வரும்போது இருவரும் ஒரே ஸ்டாண்டின் முன்னால் வந்து நிற்பார்கள். பக்கம் புரட்டுவது அண்ணன் வேலை.

ஒரு ஆடி மாதம் கச்சேரி இல்லாமல் இருந்தது. ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்குப் போனபோது அண்ணன் எங்களோடு வேனில் வந்தார். அக்கா கரூரிலிருந்து, அம்மா வீட்டிலிருந்து, பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் புது நோட்டு. முழுக்க நீல மை. அண்ணனிடம் பழைய நோட்டு இருந்தது. மேடையில் இரண்டு ஸ்டாண்ட் போடச் சொன்னார்கள். எங்களில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சவுண்டு சரிபார்க்கும்போது அண்ணன் மைக்கில் சொன்னார், "உங்க மானிட்டர் கேக்குதா பாருங்க."

அதுவரை அக்காவை அவர் 'நீ, வா, போ' என்று மட்டும்தான் அழைத்துக் கேட்டிருக்கிறோம். அந்த 'ங்க' விழுந்த இடத்தில் தபேலாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்கா, "கேக்குது சார். ஸ்கேல் மட்டும் அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்றார். எப்போதும் 'என்னங்க' என்று கூப்பிட்டவர்.

அன்று இரவு ஏழு டூயட். ரிசப்ஷனில் வேறு என்ன பாட முடியும்? மணமேடையில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, கீழே குழந்தைகள் ஆட, இருவரும் காதலில் உருகும் வரிகளை ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்துப் பாடினார்கள். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. அக்கா மூச்சுக்காக அரை நொடி தாமதித்தால் அண்ணன் அந்த அரை நொடியை விட்டுக்கொடுத்து எடுத்தார். பதினைந்து வருடப் பழக்கம் அது. கோபத்தால் அதை அழிக்க முடியவில்லை. இரண்டு சீசன் அப்படியே நடந்தது. வருமானம் வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும், ஒத்துக்கொண்ட தேதிகள் இருந்தன. அதோடு, இருவருக்கும் பாட்டு வேண்டியிருந்தது. இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்தவன் என்ற முறையில் இதை என்னால் சொல்ல முடியும்.

அந்தக் காலத்தில்தான் மறுபடி 'டோன்ட் ஸ்பீக்' கேட்டேன். 1997-இல் சொந்த ஊரான அனஹைமில் அவர்கள் செய்த கச்சேரியின் வீடியோ ஒரு நண்பர் மூலம் கிடைத்தது. இப்போது டோனியின் முகத்தைத்தான் பார்த்தேன். ஆல்பம் வந்த பிறகு இரண்டு ஆண்டுக்கும் மேலாக அந்தக் குழு ஊர் ஊராகச் சுற்றியது. எத்தனை நூறு மேடை இருக்கும். ஒவ்வொரு இரவும், ஆயிரக்கணக்கான பேர் அவளோடு சேர்ந்து அவரைப் பார்த்துப் பேசாதே என்று பாடியிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அது அவர்தான் என்பதும் தெரியும். பேட்டிகள் எல்லாவற்றிலும் அதையேதான் கேட்டார்கள், இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அவர் தன் பக்கத்துக் கதையைப் பாட்டாக எழுதவில்லை. பேஸ்காரருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர் செய்தது, அவள் குரல் சாயாமல் நிற்பதற்குக் கீழே தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிரிவைப் பற்றி எழுதியவருக்குக் கிடைக்கும் பெருமை எல்லாம் க்வென்னுக்குச் சேர வேண்டியதுதான். எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அந்த வயதில் அப்படி வெளிப்படையாக எழுதுவதற்கும், அதை எழுதப்பட்டவர் முன்னாலேயே பாடுவதற்கும் துணிச்சல் வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பதற்கும் ஒரு பலம் வேண்டும் என்பதை நான் ரிசப்ஷன் மேடையில் கற்றேன். அவர் கிளம்பிப் போயிருக்கலாம். எரிக் போனாரே. பாட்டு உச்சிக்குப் போன அந்த நேரத்தில் போயிருந்தால் யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. பின்னால் க்வென் வேறொருவரைக் காதலித்து 2002-இல் மணந்தார். அந்த ஆண்டுகளிலும் இவர்கள் சேர்ந்து பாட்டு எழுதினார்கள், ஆல்பங்கள் வந்தன.

அக்கா அப்புறம் கச்சேரிகளை நிறுத்திவிட்டு ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராகப் போனார். குழு கலைந்தது. சாமான்களைப் பங்கு பிரித்த நாளில், பழைய நோட்டை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். அக்கா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே வச்சுக்கோங்க, உங்களுக்குத்தான் வரி மறக்கும்" என்றார். அந்த ஒரு நாள் மட்டும் அந்த 'ங்க'வில் பழைய சூடு இருந்தது.

2024 ஏப்ரலில் நோ டவுட் பல ஆண்டுகளுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் கோச்செல்லா இசை விழா மேடையில் ஒன்றுசேர்ந்தது. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை பகல். வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். போனில் பார்த்தேன். க்வென் ஐம்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் மேடை முழுக்க ஓடுகிறார். டோனிக்கு 53. கச்சேரி முடியும் தறுவாயில் அந்தப் பாட்டு வந்தது. கூட்டம் எழும்பிப் பாடியது. கேமரா பெரும்பாலும் அவள் மேல்தான் இருந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹெட்போனை இறுக்கி, அலமாரியின் மேலிருந்து பேஸை இறக்கினேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. சுருதி சேர்க்கக்கூட நேரமில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏ கம்பி, மூன்றாவது ஃப்ரெட். விரல் தானாகப் போய் உட்கார்ந்தது.